சிவபுராணம் போட்ட அன்று யாரும் சரியாகச் சாப்பிடவில்லை

மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் ஒரு முதியோர் இல்லத்தில் தாதியாக இருக்கிறேன். இங்கே எல்லாருக்கும் நான் மிஸ்ஸிதான். ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரெசரையும் தாதியான மிஸ்ஸியையும் பார்த்தே வாழ்ந்தவர்கள், வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்?

வேலைக்கு வந்த புதிதில் ஒரு நாள் சாயங்காலம், நாள் முழுக்கக் கத்திக்கொண்டிருந்த டிவியை அடைத்துவிட்டு, மனசுக்கு அமைதியாக இருக்கட்டும் என்று சிவபுராணம் போட்டேன். கஞ்சி குடித்துக்கொண்டிருந்த தாத்தா ஒருவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "யாரு போயிட்டா மிஸ்ஸி?" என்றார். நம் வீடுகளில் பூஜைக்கும் படிப்பதுதான், ஆனால் அவர்கள் அதிகம் கேட்டது சாவு வீட்டில். அடுத்த மேசையிலும் விசாரணை தொடங்கிவிட்டது, ஒரு பாட்டி அழ ஆரம்பித்துவிட்டார், அன்றைக்குப் பாதிக் கஞ்சி அப்படியே திரும்பி வந்தது.

அதற்கப்புறம் "வயசானவங்களுக்குச் சாமிப் பாட்டு போதும்" என்று யாராவது சொன்னால் எனக்கு எரிச்சல் வரும். "பழைய பாட்டு போடுங்க" என்பதும் அதே கதைதான். யாருக்குப் பழைய பாட்டு? பொதுவாக மனிதர்களுக்கு ஆழமாகத் தங்குவது ஏறக்குறைய 10 வயதிலிருந்து 30 வயதுக்குள் கேட்ட பாட்டு. 1943இல் பிறந்த ஒரு பாட்டிக்கு அது 1953 முதல் 1973 வரை. எங்கள் இளம் பணியாளர்கள் பழைய பாட்டு என்று ஆசையாகப் போடுவது இளையராஜா. அவர் சினிமாவுக்கு வந்ததே 1976இல், அப்போது இந்தப் பாட்டிக்கு 33 வயது, இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று. பாட்டு கேட்க ஏது நேரம்? இல்லத்தில் சீனர்களும் இருக்கிறார்கள். ஒரு சீனத் தாத்தாவுக்குச் சீனப் பாட்டு தேடிக் களைத்துப் போனோம், கடைசியில் அவர் முணுமுணுத்தது மலாய்ப் பாடகர் பி. ரம்லியின் பாட்டு.

மறதி நோயில் பேர், தேதி, சொந்த மகன் முகம் எல்லாம் போன பிறகும் பாட்டு மட்டும் எப்படி நிற்கிறது என்று கேட்பார்கள். நெடுநாள் பழகிய பாட்டைத் தாங்கும் மூளைப் பகுதிகளை அல்சைமர் நோய் ஒப்பீட்டளவில் தாமதமாகத்தான் தொடுகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அதற்காகப் பாட்டு மருந்தாகிவிடாது. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு, 22 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2018இல் வெளியிட்ட தொகுப்பு, குறைந்தது ஐந்து முறையாவது இசைச் சிகிச்சை கொடுத்தால் மனச்சோர்வும் பொதுவான நடத்தைச் சிக்கல்களும் குறையலாம் என்றது, நிலைகொள்ளாத பரபரப்பும் அடிதடியும் குறைவதாகத் தெரியவில்லை என்றும் சொன்னது. அதனால் ஒரு நாள் போட்டுப் பார்த்துவிட்டு "வேலை செய்யலையே" என்று விடாதீர்கள். எல்லாம் சரியாகிவிடும் என்றும் எதிர்பார்க்காதீர்கள்.

எங்கள் பாட்டி ஒருவர் விடியற்காலை நாலு மணிக்கே எழுந்து வாளியைத் தேடுவார். பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தைச் சீவிப் பால் எடுத்தவர். குளிப்பாட்டப் போனால் அடி, கிள்ளு, வசவு. அவருக்கு அது, பெயர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்பும் பெரட்டுக்கு நேரமாகிவிட்ட காலை, மரம் சீவும் உளியைக் காணோம், நடுவில் நான் ஒருத்தி வழியை மறிக்கிறேன். மகனிடம் என்ன பாட்டு பிடிக்கும் என்று கேட்டேன். "அம்மா பாட்டெல்லாம் கேட்டதே இல்ல மிஸ்ஸி, வேலை வேலைன்னு இருந்தவங்க." பிள்ளைகளிடம் கேட்டால் பெரும்பாலும் இதுதான் வரும், அவர்கள் பிறந்தபோது அம்மாவுக்குப் பாட்டு ஓய்ந்திருக்கும். கூடப் பிறந்தவர்களைக் கேளுங்கள், பக்கத்து வரிசை வீட்டில் இருந்தவர்களைக் கேளுங்கள். தைப்பூசத்துக்கு ஈப்போ வந்த அவர் தங்கை எட்டிப் பார்க்க வந்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. "அக்காவா? தோட்டத்துத் திடல்ல படம் போட்டா, மறுநாள் மரத்து நிரையில அந்தப் பாட்டப் பாடிக்கிட்டேதான் வெட்டும். வேலைய மேற்பார்க்கிற மண்டோர்கிட்ட திட்டு வாங்கும்." டி.எம்.எஸ்ஸும் சுசீலாவும் சேர்ந்து பாடியவை. ஆறு பாட்டு எழுதிக்கொண்டேன்.

குளிப்பாட்டும்போது போடவில்லை, அதற்கு இருபது நிமிடம் முன்னால், படுக்கையில் இருக்கும்போதே மெதுவாகப் போட்டோம். கலவரம் தொடங்கிய பிறகு போடும் பாட்டு இன்னொரு சத்தம், அவ்வளவுதான். முதல் நாள் ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாம் நாள் கிள்ளு வாங்கினேன். ஒரு வாரம் ஆகும்போது போர்வைக்குள் கால் கட்டைவிரல் தாளம் போடுவதைப் பார்த்தேன். ஆறில் ஒரு பாட்டுக்கு மட்டும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். ஏன் என்று தங்கைக்கும் தெரியவில்லை. அதை எடுத்துவிட்டோம்.

வீட்டில் செய்பவர்களுக்குச் சில விஷயம். யூடியூப்பில் நேராகப் போடாதீர்கள், பாட்டு நடுவில் கடன் விளம்பரம் அலறும்போது தூக்கிவாரிப் போடும், பென்டிரைவில் ஏற்றிச் சின்ன ஸ்பீக்கரில் போடுங்கள். வயதான காதுக்கு முதலில் போவது கீச்சென்ற உயர்ந்த ஒலிகள், ஆகவே சத்தத்தைக் கூட்டினால் தெளிவு வராது, காதுதான் வலிக்கும். விழுங்கச் சிரமப்படுபவர் சாப்பிடும்போது துள்ளல் பாட்டு வேண்டாம். பார்க்கின்சன் என்ற நடுக்குவாத நோய் உள்ளவர்களுக்கு நடக்கும்போது மட்டும் கணக்கு வேறு, சீரான தாளம் நடையைத் தூக்கிவிடும், எங்கள் தாத்தா ஒருவர் நிலைப்படியில் கால் ஒட்டிக்கொண்டது போல் நின்றுவிட்டால் நாங்கள் கைதட்டி எண்ணுவோம், தாளம் பிடித்து அடியெடுத்து வைப்பார். அப்புறம், அணைக்கவும் தெரிய வேண்டும். அரை மணி நேரம் போதும். நாள் முழுக்க ஓடும் பாட்டுக்கும் அந்த டிவிக்கும் வித்தியாசம் இல்லை.

பாட்டியை இப்போது குளிப்பாட்டுவது இந்தோனேசியாவிலிருந்து வந்த பெண் ஒருத்தி. தமிழ் ஒரு வார்த்தை தெரியாது, கேட்டுக் கேட்டு அந்த ஐந்து பாட்டும் அரைகுறையாக வாயில் வந்துவிட்டன. இரண்டாவது வரியை அவள் தப்பாகப் பாடினால் பாட்டி சோப்பைப் பிடுங்கி வைத்துக்கொண்டு, திருத்திப் பாடிக் காட்டி, அவள் சரியாகச் சொன்ன பிறகுதான் திருப்பித் தருகிறார்.