முதியோர் இல்லத்தில் கொடுமை நடந்தால் யாரிடம் போவது?

பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம், 2007 என்றாலே, கவனிக்காத பிள்ளையிடமிருந்து மாதம் 10,000 ரூபாய் வரை வாங்கித் தரும் சட்டம் என்றுதான் பலருக்கும் தெரியும். பணம் கட்டிச் சேர்த்த இல்லத்திலேயே அம்மாவைச் சரியாகப் பார்க்கவில்லை என்றால் அந்தச் சட்டம் மட்டும் போதாது. தனியார் இல்லங்களுக்குப் பதிவு, குறைந்தபட்சத் தரம் எல்லாம் கொண்டுவர 2019-ல் மக்களவையில் திருத்த மசோதா வந்தது. நிறைவேறாமலே காலாவதியாகிவிட்டது. அதனால் வெவ்வேறு சட்டங்களில் இருக்கும் வழிகளை நாம்தான் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது.

முதலில் கண்டுபிடிப்பது. அடித்தால்தான் கொடுமை என்றில்லை, கவனிக்காமல் போட்டுவைப்பதும் கொடுமைதான். படுத்த படுக்கையாக இருப்பவரைப் பார்க்கப் போனால் போர்வையை விலக்கிக் குதிகால், இடுப்பு, முதுகின் அடிப்பகுதி மூன்றையும் பாருங்கள். படுக்கைப் புண் பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும். நம் நிறத்துக்குச் சிவப்பாகத் தெரியாது. கருத்தோ ஊதாவாகவோ, தொட்டால் சூடாகவோ இருக்கும். அப்படி இருந்தால் கடைசியாக எப்போது திருப்பிப் படுக்கவைத்தார்கள் என்று கேளுங்கள். மணிக்கட்டைச் சுற்றிப் பட்டையாகத் தடம் இருந்தால் கட்டிவைத்திருக்கலாம். பகலெல்லாம் தூங்கி வழிந்தால், கொடுக்கும் மாத்திரையையும் டாக்டர் சீட்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவருக்கு லேசாக இடித்தாலே கன்றிப்போகும் என்பதால், ஒரு தடத்தை வைத்து முடிவுகட்ட வேண்டாம். ஆனால் காலையில் ஒரு ஆயா "வழுக்கி விழுந்தாங்க" என்றும், மாலையில் இன்னொருவர் "கட்டில்ல இடிச்சுக்கிட்டாங்க" என்றும் சொன்னால் விஷயம் வேறு. பென்ஷன் பாஸ்புக், ஏடிஎம் கார்டு யார் கையில் இருக்கிறது என்பதையும் கேட்டுவையுங்கள். இதையெல்லாம் தனியாக இருக்கும்போது கேளுங்கள். ராத்திரி அங்கேயே படுக்க வேண்டியவர், ஆட்களை வைத்துக்கொண்டு உண்மையைச் சொல்லமாட்டார்.

சந்தேகம் உறுதியானால் வாசலில் நின்று சண்டை போட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிடாதீர்கள். அந்தக் கோபம் உள்ளே இருப்பவர் மேல்தான் இறங்கும். காயத்தைத் தேதி தெரியும்படி படம் எடுத்து, அவரை அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போய், எப்படி ஏற்பட்டது என்று சந்தேகிக்கிறீர்களோ அதையும் பதியச் சொல்லுங்கள். ஏ.ஆர். காப்பி (விபத்துப் பதிவேட்டின் நகல்) என்பார்களே, அந்தப் பதிவு பின்னால் நூறு வாய்ச்சொல்லுக்குச் சமம். உயிருக்கு ஆபத்து என்றால் யோசிக்காமல் 112.

எங்கே சொல்வது என்று குழப்பமாக இருந்தால் 14567-க்குப் பேசுங்கள். மத்திய அரசின் முதியோர் உதவி எண் இது. கட்டணம் கிடையாது, காலை 8 முதல் இரவு 8 வரை இயங்கும். எழுத்துப் புகாரை மாவட்ட சமூக நல அலுவலரிடம் கொடுங்கள். கலெக்டர் அலுவலகத்தில் திங்கள்கிழமை நடக்கும் குறைதீர் கூட்டத்திலும் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.

அடித்தது, அடைத்துவைத்தது எல்லாம், இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் குற்றம். அதில் அதிகம் பேசப்படாத பிரிவு ஒன்று உண்டு: 357. நோயாலோ உடல் தளர்ச்சியாலோ தன்னைத்தானே பார்த்துக்கொள்ள முடியாதவரைக் கவனிப்பதாக ஒப்பந்தம் செய்துகொண்டு வேண்டுமென்றே கைவிட்டால், மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். தண்டனை சிறிதுதான். ஆனால் அடித்த தடமே இல்லாத புறக்கணிப்புக்கும் இது பொருந்தும். போலீஸ் நேரடியாகக் கைது செய்ய முடியாது, மாஜிஸ்திரேட்டிடம் போக வேண்டும். பொறுப்பில் இருப்பவர் முதியவரை எங்காவது விட்டுவிட்டுக் கழன்றுகொண்டால் 2007 சட்டத்தின் 24-வது பிரிவு இருக்கிறது. அதில் போலீஸ் தானாகவே நடவடிக்கை எடுக்கலாம். இல்லத்தில் கொண்டுவந்து தள்ளிவிட்டு போன் நம்பரை மாற்றிக்கொள்ளும் பிள்ளைகளும் இதில் மாட்டலாம்.

கட்டணம் வாங்கும் இல்லம் என்றால் சேவைக் குறைபாடு என்று நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். இரண்டு ஆண்டுகளுக்குள் போக வேண்டும். கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மனுக்கட்டணம் இல்லை. வக்கீலுக்கு வழியில்லாதவர்கள் 15100 என்ற இலவசச் சட்ட உதவி எண்ணைக் கூப்பிடலாம். பெண்களுக்கு இதில் வருமான வரம்பே கிடையாது.

கடைசியாகச் சொத்து. "கடைசி வரை பார்த்துக்கொள்கிறோம்" என்ற பேச்சை நம்பி வீட்டை எழுதிக் கொடுத்தவர்கள் உண்டு. வாங்கியவர் பிள்ளையாகத்தான் இருக்க வேண்டும் என்று 2007 சட்டத்தின் 23-வது பிரிவு சொல்லவில்லை. பராமரிப்பு நின்றுபோனால் பத்திரத்தை ரத்துசெய்யக் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனு கொடுக்கலாம். பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனை பத்திரத்திலேயே எழுத்தில் இருந்தால் வழக்கு சுலபம்; இல்லாவிட்டால் அதை நிரூபிப்பதிலேயே காலம் போய்விடும்.