கட்டுக்காப்புக் கட்டளை கையில் இருந்தாலும், ஊர் மாறுமுன் நீதிமன்றத்தைக் கேளுங்கள்

பிள்ளைகளின் கட்டுக்காப்பு, அதாவது அவர்களைத் தம்மிடம் வைத்து வளர்க்கும் உரிமை, தம்மிடம் இருப்பதால் அவர்களை விரும்பிய ஊருக்குக் கூட்டிச் சென்று குடியிருக்கலாம் என்று நம்பும் பெற்றாரைக் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் தொழில் புரியும் சட்டத்தரணிகள் அடிக்கடி சந்திக்கிறோம். அவர்களிற் பெரும்பாலானோர் ஆலோசனைக்கு வருவது வீடு மாறி, பிள்ளையைப் புதிய பாடசாலையில் சேர்த்து, நீதிமன்ற அழைப்பு வந்த பின்னர்தான். புறப்படுமுன் கேட்டிருந்தால் நியாயமான கோரிக்கையாக இருந்திருக்கக்கூடியது, போன பிறகு கட்டளையை மீறியதான குற்றச்சாட்டாகிவிடுகிறது.

முதலில், கையில் இருப்பது என்ன பத்திரம் என்று பாருங்கள். 1999 ஆம் ஆண்டின் 37 ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டத்தின்கீழ் நீதவான் நீதிமன்றம் வழங்கிய கட்டளையைக் காட்டி, “பிள்ளை எனக்குத்தான் எண்டு எழுதித் தந்திருக்கினம்” என்பவர்கள் உண்டு. அது பணத்துக்கான கட்டளை மட்டுமே. பொலிஸ் நிலையத்தில் இருவரும் கையெழுத்திட்ட இணக்கமும் கட்டுக்காப்புக் கட்டளை ஆகாது. யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமையில் விடை தேடுவோரும் இருக்கிறார்கள். அது பெரும்பாலும் சொத்துப் பற்றியது. கட்டுக்காப்பைப் பெற மாவட்ட நீதிமன்றத்துக்கே போக வேண்டும். அங்கு பொருந்துவது இலங்கையின் பொதுச் சட்டமான உரோம டச்சுச் சட்டம்; விவாகம் நிலைத்திருக்கும் காலத்தில் அது தந்தைக்கு முன்னுரிமை காட்டினாலும், பிள்ளையின் நலனே மேலானது என்று எமது நீதிமன்றங்கள் தொடர்ந்து தீர்த்து வந்துள்ளன.

அப்படியொரு கட்டளை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கட்டுக்காப்பு தாயிடம், தந்தை இரண்டாம், நான்காம் சனிக்கிழமைகளில் காலை 9 மணிக்கு அம்மம்மா வீட்டில் பிள்ளையைப் பெற்று, மாலை 4 மணிக்குத் திருப்பி ஒப்படைக்க வேண்டும். முள்ளியவளையில் இருந்த தாய் வேலை கிடைத்துக் கொழும்பை அடுத்த வத்தளைக்குப் போய்விட்டால், ஊர் மாறக்கூடாது என்று கட்டளையில் ஒரு வரியும் இல்லாவிட்டாலும், இரவு பஸ்ஸில் தூங்கியும் தூங்காமலும் வந்திறங்கும் ஆறு வயதுப் பிள்ளையைக்கொண்டு அந்தச் சனிக்கிழமைகளை நிறைவேற்ற முடியாது.

ஆகவே கட்டளையை மாற்றித் தருமாறு அதே வழக்கில் விண்ணப்பிக்க வேண்டும். நியமனக் கடிதம், வாடகை ஒப்பந்தம், புதிய பாடசாலையின் கடிதம், தாய் வேலைக்குப் போகும் நேரத்தில் பிள்ளையைப் பார்ப்பவர் யார் என்ற விபரம் ஆகியவை தேவைப்படும். ஆனால் இவை எல்லாவற்றையும்விடக் கனமானது, தந்தைக்கு நீங்கள் முன்வைக்கும் மாற்று ஏற்பாடு என்பது என் அபிப்பிராயம்: ஏப்ரல், ஆகஸ்ட், டிசம்பர் விடுமுறைகளில் எத்தனை நாட்கள், பயணச் செலவு யாருடையது, கிழமையில் எந்த நாள் எத்தனை மணிக்கு வட்ஸ்அப் அழைப்பு. “அவர் எப்ப வேணுமெண்டாலும் வந்து பாக்கட்டும்” என்பது பெருந்தன்மையாகத் தோன்றினாலும், நாளும் இடமும் குறிக்காத சம்மதத்தை எந்த நீதிமன்றத்தாலும் நிறைவேற்றுவிக்க முடியாது. தந்தை உடன்பட்டால் அதையும் வழக்கில் பதியுங்கள். நன்னடத்தை உத்தியோகத்தரின் அறிக்கை கோரப்பட்டால் காலம் எடுக்கும் என்பதால், ஒரு பாடசாலைத் தவணைக்கு முன்பே தொடங்குவது நல்லது.

அடி உதைக்குத் தப்பி வெளியேறுபவர் இதற்கெல்லாம் காத்திருக்க வேண்டியதில்லை. 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் நீதவான் நீதிமன்றில் பாதுகாப்புக் கட்டளை கோரலாம். மாவட்ட நீதிமன்ற விண்ணப்பத்தையும் தாமதியாமல் செய்ய வேண்டும்.

நாடு கடப்பது வேறு விடயம். 16 வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குக் கடவுச்சீட்டு எடுக்கப் பெற்றார் இருவரின் சம்மதமும் கேட்கப்படும். அன்று கொடுத்த சம்மதம் பிள்ளையை வெளிநாட்டில் குடியமர்த்துவதற்கான சம்மதம் அல்ல. எதிர்த்திசையிலும் இது நடக்கிறது. ஆவணி மடுத் திருவிழாவுக்கென வெளிநாட்டிலிருந்து வந்த தாயோ தந்தையோ பிள்ளையுடன் இங்கேயே தங்கிவிட்டால், பிள்ளைகளை ஒரு பெற்றார் முறையின்றி நாடு கடத்திச் செல்வது பற்றிய 1980 ஆம் ஆண்டின் ஹேக் சமவாயமும் அதற்காக இயற்றப்பட்ட 2001 ஆம் ஆண்டின் 10 ஆம் இலக்கச் சட்டமும் குறுக்கிடலாம். பிள்ளை யாரிடம் வளர வேண்டும் என்பதை அதன்கீழ் இங்குள்ள நீதிமன்றம் தீர்மானிப்பதில்லை. வழக்கமாக வாழ்ந்த நாட்டுக்குத் திருப்பி அனுப்புவதா என்பதையே பார்க்கும். பிள்ளை அப்படித் தங்கவைக்கப்பட்டு ஒரு வருடத்துக்குள் விண்ணப்பிப்பவரின் நிலை வலுவானது. இச்சமவாயத்தில் இலங்கை சேர்ந்ததை ஏற்றுக்கொண்ட நாடுகளுடன் மட்டுமே இது செல்லும். இந்தியா அச்சமவாயத்தில் சேரவே இல்லை. மன்னாரிலிருந்து படகில் இராமேஸ்வரம் கொண்டுசெல்லப்பட்ட பிள்ளைக்காக அங்குள்ள உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுத் தாக்கல் செய்ய வேண்டிவரும். அதற்கு, இங்கு பெற்ற கட்டளையின் அத்தாட்சிப்படுத்திய பிரதி முதலில் தேவைப்படும்.