சொல் விளக்கம்: லிங்க்ஸ் – எக்கர்

கடலோர கோல்ஃப் மைதானங்களை ‘லிங்க்ஸ்’ என்கிறார்கள். ஸ்காட்லாந்தில் செயின்ட் ஆண்ட்ரூஸ் லிங்க்ஸ், மான்ட்ரோஸ் லிங்க்ஸ் என்று பெயரிலேயே அது ஒட்டிக்கொண்டிருக்கும். நிலத்தையும் கடலையும் இணைப்பதால் அந்தப் பெயர் வந்தது என்று ஒரு விளக்கம் பரவலாகச் சொல்லப்படுகிறது. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் சரியில்லை. இதை நம்பினால் தமிழிலும் ‘இணைப்பு மைதானம்’ என்று எழுதிவிடுவோம்.

சங்கிலிக் கண்ணியைக் குறிக்கும் ‘லிங்க்’ ஸ்காண்டிநேவிய மொழியிலிருந்து ஆங்கிலத்துக்குள் வந்தது. நம்முடைய லிங்க்ஸ் வேறு சொல். பழைய ஆங்கிலத்தில் ‘ஹ்லின்க்’ என்றால் மேடு, சரிவு, வரப்பு போல உயர்ந்த நிலம். ஸ்காட்லாந்து வழக்கில் அது பன்மையாகி, கரையோரத்தில் மணல் குவிந்து மேடும் பள்ளமுமாய், குட்டைப் புல் படர்ந்து கிடக்கும் நிலத்துக்குப் பெயரானது. இரண்டும் இன்று ஒரே மாதிரி ஒலிப்பது தற்செயல்தான்.

ஆக, லிங்க்ஸ் முதலில் ஒரு நிலத்தின் பெயர். ஆட்டம் அப்புறம்தான் வந்தது. பனியுகம் முடிந்தபின் பல இடங்களில் கடல் பின்வாங்க, விட்டுப்போன மணலைக் காற்று அள்ளிக் குவித்தது. மேரம் என்னும் முரட்டுப் புல் வேரோடி அந்த மணலைப் பிடித்து நிறுத்தியது. உள்பக்கம், காற்று கொஞ்சம் தணிந்த இடத்தில், ஃபெஸ்க்யூ போன்ற மெல்லிய புற்கள் பரவின. உழவுக்கு ஆகாத மண். ஆடு மேயும், முயல் வளை தோண்டும், ஊரார் துணி உலர்த்துவார்கள். நம் ஊர்ப் புறம்போக்கைப் போல எல்லோரும் புழங்கிய நிலம் அது. செயின்ட் ஆண்ட்ரூஸில் 1552-ல் பேராயர் ஹாமில்டன் கையெழுத்திட்ட ஆவணம் ஒன்று உண்டு. லிங்க்ஸில் முயல் வளர்க்கும் உரிமையைப் பற்றிப் பேசும் அந்த ஆவணம், ஊர்மக்கள் அங்கே கோல்ஃப் ஆடும் உரிமையையும் உறுதிசெய்கிறது.

மழை பெய்தாலும் மணலில் நீர் உடனே இறங்கிவிடும். அதனால் தரை கெட்டியாக இருக்கும், பந்து விழுந்த இடத்தில் நிற்காமல் ஓடும். குளிரிலும் காற்றிலும் ஒதுங்க ஆடுகள் படுத்துப் படுத்துத் தேய்த்த பள்ளங்கள்தான் இன்று பங்கர் எனப்படும் மணற்குழிகளின் மூதாதை என்பார்கள். எடின்பரோவை ஒட்டிய லீத் லிங்க்ஸில்தான் 1744-ல் 13 ஆட்ட விதிகள் எழுதப்பட்டன. பிறகு ஆட்டம் உலகெங்கும் போனபோது சொல்லும் கூடவே போய், கடலே தெரியாத உள்நாட்டு மைதானங்களைக்கூட அமெரிக்காவில் பேச்சுவழக்கில் லிங்க்ஸ் என்று சொல்லத் தொடங்கினார்கள். ஸ்காட்லாந்துக்காரர்கள் இதை ஏற்பதில்லை. எனக்கும் அவர்கள் பக்கம்தான் நியாயம் இருப்பதாகப் படுகிறது.

நிலத்தின் பெயர் என்பதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. பழைய லிங்க்ஸ் ஒன்றை மீட்பது என்றால் என்ன என்பது இதில்தான் அடங்கியிருக்கிறது. சவுத் யூயிஸ்ட் தீவில் இருக்கும் அஸ்கர்னிஷ் கோல்ஃப் மைதானத்தை எடுத்துக்கொள்வோம்.

ஸ்காட்லாந்தின் மேற்கே வெளி ஹெப்ரிடீஸ் தீவுகளில் ஒன்று சவுத் யூயிஸ்ட். அட்லாண்டிக் கரையில் சிப்பித் துகள் கலந்த வெண்மணல் சமவெளி. கேலிக் மொழியில் அதற்கு ‘மாஹர்’ என்று பெயர். கோடையில் முழுக்கப் பூத்துக் கிடக்கும். 1891-ல் தீவின் உடைமையாளர் கார்டன் கேத்கார்ட் சீமாட்டி அழைத்து, ஓல்ட் டாம் மாரிஸ் அங்கே வந்தார். செயின்ட் ஆண்ட்ரூஸில் புல்தரைப் பராமரிப்புக்குப் பொறுப்பாளர், ஓப்பன் கோல்ஃப் போட்டியை நான்கு முறை வென்றவர், அப்போது வயது 70. மணல்மேடுகளுக்கு நடுவே 18 குழிகளுக்கு இடம் குறித்துக் கொடுத்தார். பின்னாளில் ஆட்டம் சமதரைப் பக்கமாகச் சுருங்கியது. ஒரு பகுதி விமானம் இறங்கவும் பயன்பட்டது. மணல்மேடுகளில் இருந்த பழைய தடத்தைப் புல் மூடிவிட்டது.

2005-ன் கடைசியில் கார்டன் இர்வின் என்ற புல்தரை நிபுணர் தீவுக்கு வந்தபோது 9 குழிகளே ஆட்டத்தில் இருந்தன. மணல்மேடுகளைப் பார்த்ததும், மாரிஸ் இதை விட்டுவிட்டுச் சமதரையைத் தேர்ந்திருக்க மாட்டார் என்று அவருக்குப் பட்டது. வடிவமைப்பாளர் மார்ட்டின் ஈபர்ட்டும் சேர்ந்துகொண்டார். மாரிஸ் வரைந்த படம் எதுவும் கிடைக்கவில்லை. நிலத்தையே படிக்க வேண்டியிருந்தது. எங்கே இயல்பாகப் புல்தட்டு (குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரை) அமைந்திருக்கிறது, எந்தப் பள்ளத்தாக்கில் பந்து அடிக்க வழி இருக்கிறது என்று நடந்து நடந்து பார்த்து 18 குழிகளையும் நிலைநிறுத்தினார்கள். மண்ணை வாரிக் கொட்டவில்லை. பெரும்பாலும் புல்லை வெட்டியதுதான் வேலை. 2008 ஆகஸ்டில் மைதானம் திறந்தது. ரசாயன உரமும் பூச்சிக்கொல்லியும் போடாமல் பராமரிக்கிறார்கள். குளிர்காலத்தில் கால்நடைகள் அங்கே மேய்கின்றன.

எல்லோரும் கைதட்டிவிடவில்லை. மேய்ச்சல் உரிமை போய்விடுமோ என்று சிறு குடியானவர்கள் சிலர் எதிர்த்தார்கள், விவகாரம் நீதிமன்றம் வரை போனது. அந்த அச்சத்துக்கு வேர் ஆழமானது. தீவை வாங்கிய கர்னல் கார்டன் 1851-ல் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வலுக்கட்டாயமாகக் கப்பலேற்றிக் கனடாவுக்கு அனுப்பியவர். மாரிஸை அழைத்த சீமாட்டி அவருடைய மருமகள். 2006-ல்தான் தீவு மக்கள் சமூக நிறுவனம் அமைத்து, பக்கத்துத் தீவுகளையும் சேர்த்து 93,000 ஏக்கர் நிலத்தைத் தங்கள் பொறுப்பில் வாங்கினார்கள். மைதானத்தின் அழகை மட்டும் பேசிவிட்டு இதைச் சொல்லாமல் விடுவது எனக்குச் சம்மதமில்லை.

சரி, தமிழில் இந்த நிலத்துக்கு என்ன பெயர்? ‘மணல்மேடு’ எல்லோருக்கும் புரியும், ஆனால் ஒற்றை மேட்டைத்தான் சொல்கிறது. ‘தேரி’ திருச்செந்தூர்ப் பக்கத்துச் செம்மணல் குன்றுகளுக்கு உரியது, பனையும் உடைமரமும் நிற்கும் வேறு வகை நிலம். ‘கானல்’ கடற்கரைச் சோலை, புன்னையும் தாழையும் இல்லாமல் அந்தச் சொல் நினைவுக்கு வராது. லிங்க்ஸிலோ மரம் அபூர்வம்.

பொருந்தி வருவது ‘எக்கர்’. அலையும் காற்றும் குவித்த கடற்கரை மணல்மேட்டு நிலம் என்பது இதன் பொருள். சங்கப் பாடல்களின் நெய்தல் நிலத்தில் திரும்பத் திரும்ப வரும் சொல். எட்டாத பொருளை எக்கி எடுக்கிறோமே, அந்த ‘எக்கு’ வினையை இதன் அருகில் வைத்துப் பார்க்கலாம்: எழும்பி நிற்கும் மணல். பழைய ஆங்கில ஹ்லின்க்கும் உயரத்தைச் சொன்ன சொல்தான். அங்கே மேரம் புல் செய்யும் வேலையை நம் கரையில் அடும்பு செய்கிறது. மானின் குளம்பு போலப் பிளந்த இலையோடு மணல் மேல் படர்ந்து அதைக் கட்டிப்போடும் அந்தக் கொடியும் நெய்தல் பாடல்களில் உண்டு.

ஒரு சிக்கல் இருக்கிறது. அவசரத்தில் படிப்பவர் ‘எக்கர்’ என்பதை ‘ஏக்கர்’ என்று படித்துவிடுவார். மைதானத்தின் பரப்பையும் ஏக்கரில்தானே சொல்கிறோம். அதனால் தனியாக எழுதாமல் ‘எக்கர்த் திடல்’ என்று சேர்த்து எழுதுவது நல்லது. நிலத்தை மட்டும் சொல்லும்போது ‘மணல் எக்கர்’ போதும். ஊர்ப்பெயரோடு வரும்போது செயின்ட் ஆண்ட்ரூஸ் லிங்க்ஸ் என்றே விட்டுவிடலாம், பெயரை மொழிபெயர்க்கத் தேவையில்லை.

கூடவே வரும் இன்னொரு சொல்லிலும் கவனம் வேண்டும். பழைய மைதானத்தில் எந்த வேலை நடந்தாலும் செய்திகளில் ‘புனரமைப்பு’ என்றே எழுதிவிடுகிறார்கள். பல ஆண்டுகள் குறுக்கிக் குறுக்கி வெட்டியதில் சுருங்கிப்போன புல்தட்டை அதன் பழைய விளிம்புவரை விரிப்பது, வான்படங்களைப் பார்த்து மணற்குழிகளைப் பழைய இடத்துக்குக் கொண்டுவருவது, நடுவில் முளைத்த புதரை அகற்றுவது, இதெல்லாம் ‘மீட்டல்’. அஸ்கர்னிஷில் நடந்தது அதுதான். ஸ்காட்லாந்தின் இன்னொரு கடலோர மைதானமான டர்ன்பெரியின் கதை வேறு. இரண்டாம் உலகப் போரில் அந்த எக்கர்த் திடலின் மேல் விமானத் தளத்துக்காகக் கான்கிரீட் ஓடுபாதைகள் போடப்பட்டன. போருக்குப் பின் அதைப் பெயர்த்தெடுத்து, பிலிப் மெக்கென்சி ராஸ் வகுத்த புதிய அமைப்பில் 1951-ல் ஆட்டம் தொடங்கியது. அதை ‘மறு ஆக்கம்’ என்று எழுத வேண்டும்.