மைலோ டின்னில் வந்த முகங்கள்

போன மாதம் ஒரு சனிக்கிழமை, சிங்கப்பூரில் பிடோக் பக்கத்துச் சமூக மன்றம் ஒன்றில் கற்காலக் கருவிகளைப் பற்றிப் பேசப் போயிருந்தேன். பேச்சு முடிந்து நாற்காலிகளை அடுக்கத் தொடங்கியபோது, கப்பல் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் பெரிய மைலோ டின் ஒன்றை மேசையில் வைத்தார். உள்ளே 31 கற்கள். எல்லாம் கிழக்குக் கடற்கரைப் பூங்காவில் காலை நடையின்போது பொறுக்கியவை. ஒவ்வொன்றையும் பழைய டி-சட்டைத் துணியில் சுற்றி வைத்திருந்தார்.

"இது யானைத் தலை, தம்பி. இது குரங்கு. இதைக் கொஞ்சம் சாய்த்துப் பிடியுங்கள், தாடிக்காரன் தெரிவான்."

தெரிந்தான். அதுதான் சிக்கல். எனக்கும் தெரிந்தான்.

31 கற்களில் ஒன்றுகூடக் கருவி இல்லை, சிலையும் இல்லை. அதை அவரிடம் சொல்லி முடிக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. "இல்லை" என்று ஒரே சொல்லில் அனுப்பியிருக்கலாம். ஆனால் அடுத்த வாரம் அதே டின்னை வேறொருவரிடம் கொண்டுபோவார், அவர் "ஆகா, பத்தாயிரம் ஆண்டு!" என்பார். இந்தத் தொழிலுக்கு வந்த பிறகு இப்படி எத்தனையோ டின்களைப் பார்த்துவிட்டேன். அன்று அவரிடம் சொன்னவற்றோடு, நேரமில்லாமல் விட்டுப்போனவற்றையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

இரண்டு புள்ளியும் கீழே ஒரு கோடும் இருந்தால் போதும், நம் கண் முகத்தைக் கட்டிவிடும். தோசைக் கருகலில் பிள்ளையாரைப் பார்க்கிறவர்கள் நாம். கல்லில் பார்ப்பதற்குக் கேட்கவா வேண்டும்? நம்மிடம் இதற்கென்றே அழகான சொல் இருக்கிறது: சுயம்பு. மனிதக் கை படாமல் தானாகத் தோன்றியது என்றுதான் அதற்குப் பொருள். சாளக்கிராமத்தில் தெரியும் சக்கரமும் அப்படித்தான். கண்டகி ஆற்றுக் கல்லுக்குள் அம்மோனைட் என்ற பழங்காலக் கடலுயிரின் ஓடு பதிந்த தடம் அது. கும்பிடுவதற்கு நான் குறுக்கே நிற்கவில்லை. ஆனால் தானாகத் தோன்றிய முகத்தை ஆதிமனிதன் செதுக்கினான் என்றும் சொன்னால், இரண்டில் ஒன்றை விட்டுத்தான் ஆக வேண்டும்.

பெரியவரின் தாடிக்காரனை மேசையில் வைத்துக் கைப்பேசி விளக்கை வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கத்துக்கு நகர்த்தினேன். தாடி போய்விட்டது. கல்லைத் தலைகீழாக்கினேன். முகமும் போய்விட்டது. வெளிச்சத்தை நகர்த்தினால் மறைகிற உருவத்தை வெளிச்சம்தான் செய்தது. கை தட்டி எடுத்த விளிம்பு எந்தப் பக்கம் திருப்பினாலும் அப்படியே இருக்கும்.

அந்த விளிம்பு எப்படி இருக்கும் என்று பார்க்க அருங்காட்சியகம் போக வேண்டியதில்லை. வீட்டில் தடித்த கண்ணாடிக் குவளையின் வாயோரம் எங்காவது சில்லு பெயர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். கையை அறுத்துக்கொள்ளாமல் சாய்ந்த வெளிச்சத்தில் பிடியுங்கள். அடி விழுந்த புள்ளி விளிம்பில் இருக்கும். அங்கிருந்து கிணற்றில் கல் போட்டதுபோல வளையம் வளையமாக அலைகள் விரியும். பெயர்ந்த சில்லு அகப்பட்டால் அதன் அடிப்பக்கத்தில், அடி விழுந்த இடத்துக்குக் கீழே, மட்டிச் சிப்பியின் முதுகு போல ஒரு சிறு புடைப்பு இருக்கும். சில்லில் புடைப்பு, தாய்க்கல்லில் அதற்கு ஈடான குழிவு. குவார்ட்சைட், செர்ட், எரிமலைக் கண்ணாடி போன்ற நெருக்கமான கற்கள் இப்படித்தான் உடையும். புக்கிட் தீமாவிலும் புலாவ் உபினிலும் இருப்பதோ கருங்கல். பருமணியான கல் அது. அடித்தால் ஒழுங்காகச் சில்லு கழலாது, உதிரும். உபின் கல்லில் வரிசையாகத் துளைகள் தெரிந்தால் அவை கற்சுரங்கத் தொழிலாளர் ஆப்பு இறக்கிய துளைகள். 1851இல் கட்டிய ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கத்துக்குக் கல் போனது அங்கிருந்துதான். அதுவும் வரலாறுதான், கற்காலம் இல்லை.

ஆனால் ஒரு சில்லு கழன்ற தடத்தை மட்டும் வைத்து முடிவு சொல்ல முடியாது. ஆறு உருட்டினாலும் கல் உடையும். மண்தோண்டியின் பல் பட்டாலும் உடையும். நான் தேடுவது ஓர் ஒழுங்கை. முதல் தடத்தின் ஓரத்தையே மேடையாக வைத்து அடுத்த அடி விழுந்திருக்கிறதா? கல்லைப் புரட்டி மறுபக்கமும் அடித்திருக்கிறார்களா? விளிம்பின் கோணம் செங்கோணத்துக்குள் அடங்குகிறதா? எல்லாத் தடங்களும் ஒரே அளவுக்கு மங்கி, ஒரே நிறம் ஏறி இருக்கின்றனவா? மேல்தோல் பழுப்பேறி, ஒரு காயம் மட்டும் வெள்ளையாகப் பளிச்சென்று இருந்தால், அந்தக் காயம் போன ஆண்டுக் கட்டுமானத்தில் பட்டது.

இதில் பெரிய அறிஞர்களும் ஏமாந்திருக்கிறார்கள். இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் பெஞ்சமின் ஹாரிசன் என்ற மளிகைக் கடைக்காரர் ஓரம் சிதைந்த கற்களைக் குவியல் குவியலாகச் சேர்த்தார். மனிதனின் முதல் கருவிகள் இவைதாம் என்று அறிஞர்கள் பலரும் நம்பினார்கள். 'விடியல் கற்கள்' என்று பொருள்படும் பெயரையும் சூட்டினார்கள். 1905இல் பிரெஞ்சு அறிஞர் மார்செலின் பூல், சிமெண்ட் ஆலை ஒன்றின் சுழல் தொட்டியிலிருந்து வெளியே வந்த கற்களை எடுத்துக் காட்டினார். அதே கற்கள், அதே சிதைந்த ஓரம்! ஓயாமல் கட்டிக்கொண்டே இருக்கும் நம் ஊரில் இந்தக் கதையைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்கலாம். இன்னொன்றும் உண்டு. தாய்லாந்தின் பாங் ஙா பகுதியில் நீளவால் குரங்குகள் செம்பனைக் கொட்டையைக் கல்லால் உடைக்கும்போது, கைதவறிக் கழலும் சில்லுகள் ஆதிமனிதன் செய்தவற்றைப் போலவே இருப்பதாக 2023இல் ஆய்வு வெளிவந்தது. புக்கிட் தீமாவில் நம் பையைப் பறிக்கிறதே, அதே இனம்தான்.

புதிய கற்காலக் கோடாரி வேறு சாதி. கொத்தி, தேய்த்து, வழவழப்பாக்கியது. கொத்திய தடம் எப்படி இருக்கும் என்று நம்மவர்களுக்கு விளக்கவே வேண்டாம்: அம்மி கொத்திய மறுநாள் அதன் முகத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒரே ஆழத்தில், ஒரே நெருக்கத்தில் அம்மைத் தழும்பு போலப் புள்ளிகள். மழை அரித்த கல்லிலும் குழிகள் இருக்கும், ஆனால் அவற்றில் ஒழுங்கு இராது. இத்தகைய கோடாரிகளை மலாய்க்காரர்கள் இடியோடு விழுந்த கல் என்று நம்பி 'பத்து ஹாலிலிந்தார்' என்றார்கள். சேர்வராயன் மலைப் பக்கம் இவற்றைப் பிள்ளையார் கோயிலில் வைத்துக் கும்பிட்டிருக்கிறார்கள்.

"அப்படியானால் கையடக்கக் கற்சிலையே கிடையாதா?" என்று பெரியவர் விடாமல் கேட்டார். உண்டு, ஐயா. கோலான் மேட்டில் பெரெகாத் ராம் என்ற இடத்தில் 1981இல் பெண்ணுருவம் போன்ற சிறு கல் கிடைத்தது; வயது குறைந்தது 2,30,000 ஆண்டு. பார்த்தால் பெண் போல இருக்கிறது என்பதற்காக அதை ஏற்கவில்லை. கழுத்துப் பள்ளத்தை நுண்ணோக்கியில் வைத்து, கூரான கல்லால் திரும்பத் திரும்பக் கீறிய தடம் இருக்கிறது என்று காட்டிய பிறகுதான் அது மனிதக் கைவேலை என்ற வாதம் வலுத்தது. தென்னாப்பிரிக்காவின் மகபன்ஸ்காட் குகையில் கிடைத்த சிவப்புக் கல்லிலோ செதுக்கலே இல்லை. முகம் போன்ற குழிகள் இயற்கை. ஆனால் அந்த வகைக் கல் அந்தக் குகைக்கு உரியதில்லை. சுமார் 30 லட்சம் ஆண்டுகளுக்கு முன் ஏதோ ஒரு கை அதைத் தூக்கிக்கொண்டு வந்திருக்க வேண்டும் என்பதுதான் அதன் சிறப்பு. கிடந்த இடம் தெரியாவிட்டால் அது வெறும் சிவப்புக் கல்.

கிழக்குக் கடற்கரைக் கற்களிடம் இல்லாததும் அந்த 'கிடந்த இடம்'தான். 1966இல் தொடங்கிய நில மீட்பில், பிடோக், சிக்லாப் பக்கத்துக் குன்றுகளை வெட்டிக் கன்வேயர் பட்டையில் கொண்டுவந்து கடலில் கொட்டினார்கள். அங்கே ஒருவேளை உண்மையான கருவியே கிடைத்தாலும், எந்த மண்ணடுக்கிலிருந்து வந்தது என்று கேட்க ஆள் இல்லை.

பெரியவர் போன பிறகு, அதுவரை பின்வரிசையில் காத்திருந்த அக்கா ஒருவர் கைப்பையிலிருந்து ஒரு கல்லை எடுத்தார். உள்ளங்கையை விடச் சற்றுப் பெரிது, வாதாம்பருப்பு வடிவம். கையில் வாங்கியதும் எனக்குப் பேச்சு நின்றுவிட்டது. குவார்ட்சைட். இரண்டு பக்கமும் மாறி மாறி எடுத்த தடங்கள், நுனியில் விளிம்பு வளைந்து வளைந்து போகிறது. கைக்கோடாரி.

"எங்கிருந்து வந்தது, அக்கா?"

"திருவள்ளூர்ப் பக்கம் எங்கள் ஊர், தம்பி. பொங்கலுக்குப் போனபோது அண்ணன் வயலில் கிடந்தது. புளி போட்டு நன்றாகத் தேய்த்துவிட்டுப் பூசையறையில் வைத்தேன்."

புளி. பித்தளைக் குத்துவிளக்குக்குச் செய்வதை அந்தக் கல்லுக்கும் செய்திருக்கிறார். விளிம்பில் ஒட்டியிருந்திருக்கக்கூடிய மண், அன்று வெட்டிய செடி கிழங்கின் மாவுத்துகள், எல்லாம் சாக்கடைக்குப் போயாயிற்று. மஞ்சளும் எண்ணெயும் பூசுவதும் அப்படியே. சந்தேகமாக ஒரு கல் அகப்பட்டால் கழுவவே கழுவாதீர்கள்.

அதைவிடப் பெரிய இடி, அவர் அதைப் பெட்டியில் வைத்து விமானம் ஏற்றியது. இந்தியாவின் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி இத்தகைய பொருளை அனுமதியில்லாமல் நாட்டைவிட்டுக் கொண்டுபோகக் கூடாது. விடுமுறைக்கு ஊருக்குப் போகிற நம்மவர்களில் பாதிப்பேருக்கு இது தெரியாது. அக்காவின் முகம் வெளுத்துவிட்டது. தமிழ்நாடு தொல்லியல் துறைக்கு நடந்ததை நடந்தபடி எழுதி, அவர்கள் சொல்கிற வழியில் திருப்பிக் கொடுக்கலாம் என்று சேர்ந்து கடிதம் எழுதினோம். இங்கே சிங்கப்பூர் மண்ணில் கிடைத்தால் தேசிய மரபுடைமைக் கழகத்துக்குச் சொல்ல வேண்டும்.

சட்டத்தைவிட எனக்கு வலித்தது வேறு. அதே மாவட்டத்து அத்திரம்பாக்கத்தில் 1863இலேயே ராபர்ட் புரூஸ் ஃபூட்டும் அவருடைய சகாவும் கருவிகளைக் கண்டார்கள். பிற்பாடு சாந்தி பப்புவின் குழு அங்கே அடுக்கடுக்காகத் தோண்டி, சுமார் 15 லட்சம் ஆண்டு என்று 2011இல் வெளியிட்டது. கல் புதைந்த நாளிலிருந்து அதன் படிகத்துக்குள் சில தனிமங்கள் சிதைந்துகொண்டே வருவதைக் கணக்கிட்டு எடுத்த வயது அது. கருவிகள் அடுக்கிலேயே கிடந்ததால்தான் அந்தக் கணக்கு நின்றது. பூசையறைக் கல்லிடம் அதைக் கேட்க முடியாது.

"அண்ணன் வயலில் எந்த இடம் என்று தெரியுமா?" என்றேன். உடனே வாட்ஸ்அப்பில் அழைத்தார். கிணறு தூர்வாரிய மேட்டில் இன்னும் மூன்று நான்கு கிடக்கின்றன என்றார் அண்ணன், ஒன்றைக் கதவுக்கு முட்டுக் கொடுத்திருக்கிறாராம். கிடப்பதை எடுக்க வேண்டாம், மேலிருந்தும் நான்கு பக்கமும் படம் எடுங்கள், இடத்தின் குறியையும் அனுப்புங்கள், அளவு தெரிய பக்கத்தில் ஏதாவது வையுங்கள் என்றேன்.

பத்து நிமிடத்தில் படம் வந்தது. ஈரமண்ணில் பாதி புதைந்த பழுப்புக் கல். பக்கத்தில் அளவுக்கு ஒற்றை ரப்பர் செருப்பு.

"செருப்பு என்ன எண், அண்ணே?"

"ஒன்பது."

குறித்துக்கொண்டேன்.