கார் லைட்டுக்கு எந்த பல்ப்? வெளிச்சம் பிறக்கும் இடத்தைப் பாருங்கள்

அக்கரைப்பற்றைத் தாண்டிப் பொத்துவில் பக்கமாக இரவில் கார் ஓட்டுகிறவர்களுக்கு ஹெட்லைட் உயிர் விஷயம். வீதியில் படுத்திருக்கும் எருமையும் கறுப்பு, நனைந்த தார் வீதியும் கறுப்பு. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் கார் ஒரு விநாடிக்குக் கிட்டத்தட்ட 17 மீட்டர் போகிறது. மாட்டைக் கண்டு, கால் பிரேக்குக்குப் போக ஒன்றரை விநாடி என்று வைத்தால் அதிலேயே 25 மீட்டர் போய்விடும். பிரேக் பிடித்து நிற்கக் காய்ந்த வீதியில் இன்னும் 20 மீட்டர், மழையில் 35 மீட்டர்கூட ஆகலாம். அப்படியென்றால் மழை நாளில் 60 மீட்டருக்கு அப்பால் இருப்பதும் கண்ணுக்குத் தெரிந்தாக வேண்டும்.

அதனால் ஒரு பல்ப் எரிந்துபோனதும் மட்டக்களப்பிலோ கல்முனையிலோ ஸ்பெயார் பார்ட்ஸ் கடைக்குப் போகிறவர்கள், "இதைவிடப் பவர் கூடினது இருக்கா?" என்று கேட்பது நியாயம்தான். ஆனால் ஹெட்லைட்டைப் பொறுத்தவரை வெளிச்சம் எவ்வளவு பிறக்கிறது என்பதற்கு முன்னால் பார்க்க வேண்டியது, அது எந்தப் புள்ளியில் பிறக்கிறது என்பதை.

நம்மூர்ச் சின்னக் கார்கள் பலவற்றில் இருக்கும் எச்4 என்ற ஹாலஜன் வகைப் பல்பைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள் (கண்ணாடியைத் தொடாமல், அடிப்பாகத்தைப் பிடித்து). உள்ளே இரண்டு இழைகள் தெரியும். ஒன்று ஹை பீம், மற்றது டிம். டிம் இழைக்குக் கீழே மட்டும் ஒரு சின்ன உலோகக் கிண்ணம் இருக்கும். அந்த இழையிலிருந்து கீழ்நோக்கிப் போகும் ஒளியைக் கிண்ணம் மறித்துவிடுகிறது. மேல்நோக்கிப் போகும் ஒளி மட்டும் தெறிப்பியின் (பல்பைச் சுற்றி ஹெட்லைட்டுக்குள் இருக்கும் பளபளப்பான வளைந்த பகுதி) மேற்பாதியில் பட்டு, அங்கிருந்து தாழ வீதிக்கு வருகிறது. ஹை பீம் இழை தெறிப்பியின் குவியத்தில் இருப்பதால் அதன் ஒளி நேராகத் தூரத்துக்குப் போகும். அடிப்பாகத்து வளையத்தில் மூன்று காதுகள் உண்டு, அதில் ஒன்று அகலம். பல்பைத் தலைகீழாகப் போட்டுவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. 1971இல் வந்த இந்த வடிவம் இன்றுவரை மாறவில்லை. இழை இருக்க வேண்டிய இடத்துக்குத் தரநிலை கொடுக்கும் சலுகை மில்லிமீட்டரின் சிறு பங்குதான். அதைத் தாண்டி விலகினால் டிம் வெளிச்சத்தின் மேல் விளிம்பு கலைந்துபோகும்.

ஹாலஜன் ஹெட்லைட்டுக்குள் மலிவான எல்ஈடி பல்பைத் திணிப்பதை நான் எதிர்ப்பது இதனால்தான். எல்ஈடியில் ஒளி ஒரு தட்டின் இரண்டு பக்கங்களில் ஒட்டிய சின்னச் சிப்புகளிலிருந்து வருகிறது. சுற்றிவர ஒளிரும் மெல்லிய இழைக்காக வளைக்கப்பட்ட தெறிப்பிக்கு அது பொருந்தாது. கிட்டே வீதி வெள்ளைவெளேரென்று தெரியும், ஓட்டுகிறவருக்குத் திருப்தியாக இருக்கும். ஆனால் அந்தக் கிட்டத்து வெளிச்சத்துக்குப் பழகிய கண் தூரத்து இருட்டைத் துழாவத் தடுமாறும். கல்லடிப் பாலத்தில் எதிரே மோட்டார் சைக்கிளில் வருகிறவருக்கோ சில விநாடிகள் ஒன்றுமே தெரியாது. காரோடு கம்பனியிலிருந்தே வரும் எல்ஈடி ஹெட்லைட் வேறு விஷயம். அதன் தெறிப்பியும் வில்லையும் எல்ஈடிக்கென்றே செய்யப்பட்டவை.

சரி, வாட் கூடின ஹாலஜன் போட்டால்? எச்4இன் அளவு 60/55 வாட், அதாவது ஹை பீமுக்கு 60, டிமுக்கு 55. 100/90 என்று எழுதியதும் கடைகளில் கிடைக்கும். 12 வோல்ட்டில் 60 வாட்டுக்கு 5 அம்பியர் போதும். 100 வாட்டுக்கு 8 அம்பியருக்கு மேல் வேண்டும். கம்பியில் பிறக்கும் சூடு மின்னோட்டத்தின் வர்க்கத்தோடு ஏறுவதால், அதே வயரில் சூடு கிட்டத்தட்ட மூன்று மடங்காகிறது. ஹோல்டர் உருகும், தெறிப்பியின் பூச்சு கருகும். பிறகு பழைய பல்பைத் திரும்பப் போட்டாலும் பழைய வெளிச்சம் வராது.

உண்மையில் மங்கலான லைட்டுகளில் பலவற்றுக்குப் பல்ப் காரணமே இல்லை. ஹாலஜன் இழையின் வெளிச்சம் வோல்டேஜின் ஏறத்தாழ 3.4ஆம் அடுக்கோடு மாறும். பற்றரியில் 13.8 வோல்ட் இருந்து, பல்பின் சொக்கெட்டுக்கு 12.4 வோல்ட்தான் வந்து சேர்கிறது என்று வைப்போம். பத்தில் ஒரு பங்குதான் இழப்பு, ஆனால் வெளிச்சத்தில் முப்பது வீதம் போய்விடுகிறது. அந்த வோல்டேஜைத் தின்பவை துருப்பிடித்த ஏர்த் போல்ட்டும் பச்சை பூத்த சொக்கெட்டும்தான். கடலோரத்து உப்புக்காற்றில் நிற்கும் கார்களுக்கு இது சாதாரணம். லைட்டை எரியவிட்டு, மல்டிமீற்றரால் சொக்கெட்டில் ஒருமுறை அளக்கச் சொல்லுங்கள். ஏர்த்தைச் சுரண்டித் துப்புரவாக்குவதும், பற்றரியிலிருந்து ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) வழியாகத் தடித்த வயர் இழுப்பதும் எந்த விலையுயர்ந்த பல்பையும்விடப் பலன் தரும். வோல்டேஜ் கூடினாலும் ஆபத்துத்தான்: ஐந்து வீதம் ஏறினால் இழையின் ஆயுள் கிட்டத்தட்டப் பாதியாகும்.

கண்ணாடியைத் தொடக் கூடாது என்றேன். தங்குதன் இழை 2,900 பாகை செல்சியஸ் அளவில் எரியும்போது அதிலிருந்து அணுக்கள் ஆவியாகிக்கொண்டே இருக்கும். சாதாரண பல்பில் அவை கண்ணாடியில் படிந்து கறுப்பாகும். ஹாலஜன் பல்பில் சிறிதளவு புரோமீன் அல்லது அயடீன் இருக்கிறது. அது கண்ணாடியோரத்தில் தங்குதனைப் பிடித்து வாயுவாகவே வைத்திருந்து, சூடான இழைக்குப் பக்கத்தில் கொண்டுவந்து விட்டுவிடும். இந்தச் சுழற்சி நடக்கக் கண்ணாடியின் சுவரே 250 பாகைக்கு மேல் சூடாக இருக்க வேண்டும். அதனால்தான் பல்ப் அவ்வளவு சிறியது, கண்ணாடி குவார்ட்ஸ். விரலின் எண்ணெயும் வியர்வை உப்பும் பட்ட இடத்தில் அந்தச் சூட்டில் குவார்ட்ஸ் பாலாடை போல வெளுத்து, பலமிழந்து, வெடிக்கவும் கூடும். தவறித் தொட்டுவிட்டால் ஸ்பிரிட்டில் துடைத்துக் காயவிட்டுப் போடுங்கள்.

வாங்கும்போது காரின் கையேட்டிலோ பழைய பல்பின் அடியிலோ உள்ள அதே இலக்கப் பல்பையே வாங்குங்கள்: எச்4, எச்7, எச்11, எதுவாக இருந்தாலும். நீலப் பூச்சுப் பூசியது வேண்டாம். அந்தப் பூச்சு வெளிச்சத்தில் ஒரு பகுதியை விழுங்கித்தான் நிறத்தைத் தருகிறது. "130% கூடுதல்" என்ற பெட்டிகளில் ஒப்பீடு சட்டம் கேட்கும் குறைந்தபட்ச அளவோடு, அதுவும் வீதியின் குறிப்பிட்ட சில இடங்களில்தான். அவை வேலை செய்யும், ஆனால் இழையை இன்னும் சூடாக எரிப்பதால் ஆயுள் குறையும். இரண்டு பக்கமும் ஒரே வயதென்றால் இரண்டையும் சேர்த்து மாற்றுவது புத்தி. ஹெட்லைட்டின் முகப்பு பிளாஸ்டிக் வெயிலில் மஞ்சளித்திருந்தால் முதலில் அதைப் பொலிஷ் பண்ணி, மேலே யூவி பூச்சு அடியுங்கள்.

அப்புறம் உயரம். டிம் வெளிச்சத்தின் மேல் விளிம்பு பொதுவாக 10 மீட்டருக்கு 10 சென்ரிமீட்டர் தாழ வேண்டும். ஹெட்லைட் நிலத்திலிருந்து 65 சென்ரிமீட்டர் உயரத்தில் இருந்தால் அந்த விளிம்பு 65 மீட்டரில் நிலத்தைத் தொடும். சமதரையில் சுவருக்கு 5 மீட்டர் முன்னால் காரை நிறுத்தி, லைட்டின் நடுப்புள்ளியைவிட விளிம்பு 5 சென்ரிமீட்டர் கீழே விழுகிறதா என்று பாருங்கள். இடது பக்கத்தில் அது சற்று மேலே ஏறும், நாம் இடப்பக்கம் ஓட்டுவதால் அப்படித்தான் இருக்க வேண்டும். அறுவடை நாளில் டிக்கியில் நெல் மூட்டைகளை ஏற்றினால் பின்பக்கம் தாழ்ந்து முன்பக்கம் நிமிரும். சின்னக் காரொன்றில் பின்பக்கம் இரண்டரை சென்ரிமீட்டர் தாழ்ந்தாலே டிம் வெளிச்சம் கிடையாகி எதிரே வருகிறவரின் கண்ணுக்குப் போய்விடும். ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில் 0 முதல் 3 வரை எண் போட்ட சின்னச் சக்கரம் சில கார்களில் இருக்கும். அது இதற்குத்தான். பாரம் ஏற்றினால் எண்ணைக் கூட்டுங்கள், இறக்கியதும் 0க்குக் கொண்டுவாருங்கள்.