பீட்சாவோடு எதை எடுப்பது, எதை விடுவது

கிளிநொச்சியில் ஏ9 வீதியோரம் இருக்கும் ஒரு பீட்சாக் கடையில் போன மாதம் நாங்கள் ஏழு பேர் போய் உட்கார்ந்தோம். தங்கச்சியின் மகளுக்கு உயர்தரப் பரீட்சை முடிவு நல்லபடியாக வந்திருந்தது, அதுதான் காரணம். மெனு அட்டை பிள்ளைகள் கைக்குப் போனது, பெரியவர்களின் கதை அதோடு முடிந்தது. இரண்டு பெரிய சீஸ் பீட்சா, சீஸ் போட்ட கார்லிக் பிரெட் இரண்டு தட்டு, சீஸ் ஊற்றிய உருளைக்கிழங்கு, நல்ல உறைப்பான சிக்கன் விங்ஸ், ஆளுக்கொரு சோடா. அம்மா மட்டும், "தம்பி, ஒரு பிளேன்ரீ கிடைக்குமே?" என்று பரிமாற வந்த பெடியனைக் கேட்டார். அவன் சிரித்துவிட்டு, "இல்லை அம்மா, சோடாதான் இருக்கு" என்றான்.

அரை மணித்தியாலத்தில் கார்லிக் பிரெட் ஒன்றரைத் தட்டு அப்படியே மிச்சம். உருளைக்கிழங்கை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. "இனி ஒரு வாய்கூட ஏலாது" என்று மகன் கதிரையில் சாய்ந்தான். அப்புறம் சொக்லேட் லாவா கேக் வந்தது. அதே மகன் நிமிர்ந்து உட்கார்ந்து இரண்டு கேக்கை முடித்தான்.

வயிறு நிறைந்தவனுக்கு கேக் எப்படி இறங்கியது? அதே நேரத்தில் கார்லிக் பிரெட் மட்டும் ஏன் இறங்கவில்லை? வீட்டுக்கு வந்தும் இது என்னை விடவில்லை. தேடிப் படித்ததில், இரண்டுக்கும் பதில் கிட்டத்தட்ட ஒரே இடத்தில்தான் இருக்கிறது. அது தெரிந்தால் பக்க உணவும் இனிப்பும் தெரிவு செய்வது சுலபம், காசும் மிச்சம்.

முதலில் பீட்சா என்றால் நாக்குக்கு என்ன என்று பார்ப்போம். மா, கொழுப்பு, உப்பு, அதோடு உமாமி என்கிற ஒரு சுவை. இந்த நான்காவதுதான் ஆளை மயக்குவது. 1908இல் ஜப்பானிய வேதியியலாளர் கிகுனே இகேடா கொம்பு என்ற கடற்பாசியிலிருந்து குளுட்டமேட்டைப் பிரித்தெடுத்து, இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்புக்கு வெளியே இது ஒரு தனிச் சுவை என்று காட்டினார். பழுத்த தக்காளியிலும் நாள்பட்ட சீஸிலும் இந்தக் குளுட்டமேட் நிறைய உண்டு. இதற்கு ஒரு கூட்டாளியும் இருக்கிறது. காய்ந்த மீனில் உள்ள இனோசினேட் என்ற பொருள் குளுட்டமேட்டோடு சேர்ந்தால், இரண்டையும் தனித்தனியாகச் சாப்பிட்டுக் கூட்டிப் பார்ப்பதைவிடப் பல மடங்கு தூக்கலாகச் சுவை தெரியும். இத்தாலிக்காரர் பீட்சாவில் உப்பிட்ட நெத்தலி போடுவதும் எங்கள் குசினியில் சம்பலுக்கு மாசிக் கருவாடு இடிப்பதும் ஒரே வேலைதான். இகேடாவின் பெயர் தெரியாமலே ஆச்சிமார் இதைச் செய்துகொண்டிருந்தார்கள்.

சரி, கார்லிக் பிரெட்டுக்கு வருவோம். 1981இல் பார்பரா ரோல்ஸும் எட்மண்ட் ரோல்ஸும் கூட்டாளிகளோடு ஒரு ஆய்வு செய்தார்கள். பலவகை உணவைச் சுவைக்கக் கொடுத்து, எது எவ்வளவு பிடிக்கிறது என்று புள்ளி போடச் சொன்னார்கள். பிறகு அதில் ஒன்றை மட்டும் வயிறு நிறையச் சாப்பிட வைத்துவிட்டுத் திரும்பவும் புள்ளி கேட்டார்கள். சாப்பிட்ட உணவின் புள்ளி சட்டென்று விழுந்தது, தொடாத உணவுகளின் புள்ளி பெரிதாக அசையவில்லை. அலுப்பு முழுச் சாப்பாட்டுக்கும் வருவதில்லை, அந்த ஒரு சுவைக்கும் அந்த ஒரு பதத்துக்கும் மட்டும்தான் வருகிறது.

அதே ஆண்டு வந்த இன்னொரு ஆய்வு எனக்கு இன்னும் பிடித்தது. நாலு விதமான உள்ளீடு வைத்த சாண்ட்விச் கொடுத்தால் ஆட்கள் ஒரே விதம் கொடுத்ததைவிட மூன்றில் ஒரு பங்கு அதிகம் சாப்பிட்டார்கள். யோகட்டிலும் அப்படித்தான், சுவையும் நிறமும் பதமும் மாறினால் கூடச் சாப்பிட்டார்கள். ஆனால் ஸ்ட்ரோபெரி, ராஸ்பெரி, செரி என்று பழச்சுவை மட்டும் மாறி நிறமும் பதமும் ஒரே மாதிரி இருந்த யோகட்டில் அந்தக் கூடுதல் வரவில்லை. மூளையை ஏய்க்கச் சுவையைக் கொஞ்சம் மாற்றினால் மட்டும் போதாது.

எங்கள் மேசையில் நடந்ததும் இதுதான். பீட்சா என்பது மா, கொழுப்பு, உப்பு, உமாமி. சீஸ் கார்லிக் பிரெட்டும் மா, கொழுப்பு, உப்பு, உமாமிதான், கொஞ்சம் உள்ளி வாசம் கூட. அதையே பெயர் மாற்றி இரண்டாம் முறை வாங்கியிருக்கிறோம்! கார்லிக் பிரெட்டோடு எனக்கு ஒரு கோபமும் இல்லை, பீட்சா வர முதல் பசியில் ஆளுக்கொரு துண்டு என்றால் அது நல்லாய்த்தான் இருக்கும். பீட்சாவோடு சேர்த்து அதை மலைபோல் குவிப்பதுதான் வீண்.

வயிறு நிறையவில்லை என்று பயந்து பக்க உணவு சொல்பவர்களுக்கு ஒரு கணக்கு. வட்டத்தின் பரப்பு விட்டத்தின் வர்க்கத்தோடு போகும் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம் அல்லவா, அதன்படி 7 அங்குல பீட்சாவுக்கு 49, 10 அங்குலத்துக்கு 100. மூன்று அங்குலம் கூடினால் சாப்பாடு இரட்டிப்பு. பசிக்குப் பதில் பீட்சாவின் அளவிலேயே இருக்கிறது. பக்க உணவுக்கு வேறு வேலை.

என்ன வேலை? வாயைக் கழுவுவது. நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. சீஸ் சாப்பிடச் சாப்பிட நாக்கிலும் அண்ணத்திலும் ஒரு கொழுப்புப் படலம் படியும். பாற்கொழுப்பு எங்கள் உடம்புச் சூட்டில் உருகி இருக்கும், குளிர்ந்தால் இறுகும். மார்கழி விடியலில் தேங்காய் எண்ணெய்ப் போத்தலைப் பார்த்தவர்களுக்கு இது புதிதில்லை. இப்போது அந்த வாய்க்குள் ஐஸ் போட்ட சோடாவை ஊற்றினால் என்ன ஆகும்? படலம் கழுவப்படுவதற்குப் பதிலாகக் கொஞ்சம் இறுகிக்கொள்ளும். மூன்றாவது துண்டில் வாய் மெழுகு பூசியது போல் இருப்பதற்கு ஐஸ் சோடாவுக்கும் ஒரு பங்கு உண்டு.

இந்தப் படலத்தை எடுக்க இரண்டு வழி நன்றாக வேலை செய்யும். ஒன்று புளிப்பு. எச்சிலை ஊற வைப்பதில் புளிப்பை மிஞ்சிய சுவை இல்லை, ஊறிய எச்சில் கொழுப்பை அள்ளிக்கொண்டு போகும். தேசிக்காய் பிழிந்த வெங்காயச் சலாது, வினாகிரியில் ஊறிய காய், விளாம்பழ ஜூஸ், எது கிடைத்தாலும் எடுக்கலாம். சலாது எடுத்தால் மேலே ஊற்றும் மயோனைஸை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், அதுவும் கொழுப்புத்தான்.

மற்றது துவர்ப்பு, இங்கேதான் அம்மாவுக்குப் பெடியன் ஒரு மன்னிப்புக் கடன்பட்டிருக்கிறான். தேயிலையில் உள்ள பொலிபீனோல்கள் எச்சிலில் வாயை வழுக்கலாக வைத்திருக்கும் புரதங்களைப் பிடித்து இழுத்துத் திரள வைக்கும். வழுக்கல் குறைந்தவுடன் வாய் காய்ந்து இறுகுவது போல் ஒரு உணர்வு வருகிறதே, அதுதான் துவர்ப்பு. கொழுப்பு வாயை வழுக்க வைக்கிறது, தேத்தண்ணி இறுக்குகிறது, ஒன்று மற்றதின் எதிரி. 2012இல் கரண்ட் பயோலொஜி என்ற ஆய்விதழில் இதைச் சோதித்து எழுதியிருந்தார்கள். கொழுப்பான பதப்படுத்திய இறைச்சியையும் மென்மையான துவர்ப்புள்ள பானத்தையும் மாறி மாறிக் கொடுத்தபோது, வெறும் தண்ணீர் குடித்தவர்களைவிட அவர்களுக்கு வாயில் கொழுப்பு உணர்வு குறைவாக இருந்தது. ஒரே மிடறில் இது நடப்பதில்லை என்பதுதான் சுவாரசியம். சின்னச் சின்ன மிடறாக, திரும்பத் திரும்பக் குடிக்கக் குடிக்கத்தான் துவர்ப்பு ஏறும். அதுவும் சூடான பிளேன்ரீ என்றால் படலம் இறுகவும் மாட்டாது. ஒரு நாட்டின் பெயரையே தேயிலைப் பெட்டியில் போட்டு உலகம் முழுக்க விற்றுவிட்டு, பீட்சாக் கடையில் ஒரு பிளேன்ரீ வைக்காமல் இருக்கிறோம்.

உறைப்பு வேறு கதை. விங்ஸில் உள்ள உறைப்பை நாக்கு சுவையாக அறிவதில்லை, சூடாக அறிகிறது. மிளகாயின் கப்சைசின், சூட்டை உணரும் நரம்பு முனைகளில் உள்ள டிஆர்பிவி1 என்ற புரதத்தைத் திறந்துவிடுகிறது. சாதாரணமாக அது ஏறக்குறைய 43 பாகைக்கு மேல்தான் திறக்க வேண்டும். டேவிட் ஜூலியஸின் ஆய்வுக்கூடம் 1997இல் இதைக் கண்டுபிடித்தது, 2021இல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. சுடச்சுட வந்த பீட்சாவோடு உறைப்பு விங்ஸ் சாப்பிட்டால் இரண்டும் ஒரே கதவைத் தட்டுகின்றன. கப்சைசின் தண்ணீரில் கரையாது, அதனால் தண்ணீர் அதைக் கழுவாது, வாய் முழுக்கப் பரப்பும். சோடா இன்னும் மோசம், அதன் கரியமில வாயு வாயில் அமிலமாகி வலி நரம்பைத் தானும் ஒரு குத்துக் குத்தும். பால் பொருள்தான் மருந்து. பாலில் உள்ள கேசின் என்ற புரதம் கப்சைசினைப் பிடித்துக்கொள்ளும். உறைப்பாக எதையாவது எடுத்தால் ஐஸ்கிரீமையோ தயிர் சேர்ந்த தொட்டுக்கொள்ளும் சோஸையோ அப்போதே சேர்த்துச் சொல்லி வையுங்கள்.

பார்சல் எடுப்பவர்களுக்கு இன்னொன்று. பொரித்த எதையும் தூரத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். மொறுமொறுப்பு பாதி காதால் அனுபவிப்பது. ஒக்ஸ்போர்டின் சார்ள்ஸ் ஸ்பென்ஸும் கூட்டாளியும் 2004இல் வெளியிட்ட ஆய்வில், ஆட்கள் சிப்ஸ் கடிக்கும் சத்தத்தை ஹெட்போனில் கூட்டிக் கொடுத்தபோது அதே சிப்ஸ் கூடுதல் மொறுமொறுப்பாகத் தெரிந்தது. அந்தச் சத்தத்துக்கு மேற்பரப்பு உலர்ந்திருக்க வேண்டும். மூடிய பெட்டிக்குள் சூட்டில் கிளம்பும் நீராவி போக இடமில்லாமல் திரும்ப உருளைக்கிழங்கிலேயே இறங்கும். பரந்தனிலிருந்து முல்லைத்தீவு வீதியால் புதுக்குடியிருப்புக்கு மோட்டார் சைக்கிளில் போய்ச் சேரும்போது கையில் இருப்பது அவித்த கிழங்குதான். முறிகண்டியில் கச்சான் விற்கும் அக்காமாரைப் பாருங்கள், சுடச்சுட வறுத்ததை வாய் திறந்த கடதாசிச் சரையில் தருகிறார்கள், ஆவி தன் பாட்டில் போய்விடும். பெட்டியின் மூடியைக் கொஞ்சம் திறந்து வைத்தால் அரைவாசிப் பிரச்சினை தீரும், மிச்சம் அரைவாசி தீராது, அதனால் பார்சலுக்குச் சலாதுதான் நல்லது.

இனி கேக். இரைப்பை ஒரு தகரப் பேணி மாதிரி இல்லை, சாப்பாடு வர வர அதன் மேல்பகுதி தளர்ந்து இடம் கொடுக்கும், ஒரு லீற்றருக்கு மேலும் விரியும். அதனால் "இடமில்லை" என்ற அறிவிப்பு பெரும்பாலும் மூளையில் எழுதப்படுகிறது. ரோல்ஸ் ஆய்வின்படி இனிப்புக்கு எங்கள் புள்ளி விழவேயில்லை, ஏனென்றால் பீட்சாவில் இனிப்பு இல்லை. அதற்கு மேலும் ஒன்று 2025இல் தெரிய வந்தது. ஜெர்மனியின் கொலோன் நகரிலுள்ள மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தார் எலிகளில் பார்த்தார்கள். "போதும்" என்று சொல்லும் அதே நரம்புக் கலங்கள்தான் சீனியைக் கண்டவுடன் பீட்டா எண்டோர்பின் என்ற, உடம்பே சுரக்கும் அபின் போன்ற பொருளையும் விடுகின்றன. அந்தப் பாதையை அடைத்தபோது வயிறு நிறைந்த எலிகள் சீனியை விட்டுவிட்டன, பசித்த எலிகளுக்கு வித்தியாசம் இல்லை. நிறுத்து என்று கை காட்டும் பொலிஸ்காரரே மறுகையால் இனிப்பு வண்டிக்கு மட்டும் வழி விடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆகவே இனிப்பை முதலே சொல்லி வைக்காதீர்கள். கொழுப்பு சிறுகுடலைத் தொட்டபின் கிளம்பும் நிறைவுச் சமிக்ஞை மூளைக்குப் போய்ச் சேரப் பத்து இருபது நிமிடம் பிடிக்கும். அதுவரை கதைத்துக்கொண்டிருந்துவிட்டுப் பிறகு மெனுவைக் கேட்டால், ஏழு கேக் சொல்லியிருக்க வேண்டிய இடத்தில் மூன்று போதும் என்று தெரியும்.

எந்த இனிப்பு என்றால், என் தெரிவு குளிர்ந்தது. லாவா கேக்கின் சூடான பட்டரும் சொக்லேட்டும் பீட்சாவின் சூட்டுக்கும் கொழுப்புக்கும் ஒன்றுவிட்ட தம்பி, ஐஸ்கிரீம் குறைந்தது வெப்பநிலையிலாவது எதிர்ப்பக்கம். ஒரு எச்சரிக்கை, ஐஸ்கிரீமில் நாக்கு காட்டுவதைவிடச் சீனி அதிகம். இனிப்பை மூளைக்கு அனுப்பும் டிஆர்பிஎம்5 என்ற புரதம் 15 பாகையில் மந்தமாகவும் 35 பாகையில் துடிப்பாகவும் இருக்கும் என்று 2005இல் காட்டினார்கள். குளிரில் இனிப்புத் தெரிவதற்காகக் கூடப் போடுகிறார்கள். உருகிய ஐஸ்கிரீம் தெவிட்டுவது அதனால்தான், எங்கள் வெயிலில் அது உருகுவதற்கு ஐந்து நிமிடம் போதும்.

கடையில் கிடைக்காத, ஆனால் எல்லாவற்றிலும் பொருத்தமான ஒன்று வவுனியாப் பக்கம் மண்சட்டியில் விற்கும் எருமைத் தயிர். சட்டி தண்ணீரை உறிஞ்சி வெளியே ஆவியாக்கித் தயிரை இறுக்கியும் குளிர வைத்தும் தருகிறது. புளிப்பு உண்டு, கேசின் உண்டு, மேலே ஒரு கரண்டி காட்டுத்தேன் ஊற்றினால் இனிப்பும் உண்டு. எருமைப் பாலில் கொழுப்பு பசும்பாலைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு என்பதை மட்டும் அம்மாவின் டொக்டரிடம் சொல்லாதீர்கள்.

போன கிழமை திரும்பவும் போனோம். ஒரு பெரிய பீட்சா, தேசிக்காய் பிழிந்த சலாது இரண்டு, விங்ஸ் ஒரு தட்டு, கார்லிக் பிரெட் ஒரு தட்டு, அதுவும் முதலில். ஒன்றும் மிஞ்சவில்லை. அம்மா கைப்பையிலிருந்து ஒரு சின்னப் பிளாஸ்க்கை எடுத்து மூடியில் பிளேன்ரீ ஊற்றி, தாளில் சுற்றி வைத்திருந்த பனங்கட்டியை ஒரு கடி கடித்துவிட்டு என் பக்கம் நீட்டினார். பெடியன் அந்த வழியால் இரண்டு தடவை போனான், கண்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை.