எம்பதி: சபைத் தமிழில் இதற்கு என்ன சொல்?

பெங்களூரு தமிழ்க் கிறிஸ்தவச் சபைகளில் இப்போது எம்பதி (empathy) என்ற சொல் அடிக்கடி காதில் விழுகிறது. லிங்கராஜபுரத்தில் ஒரு வீட்டு ஜெபத்தில், "அந்த அக்காவுக்கு எம்பதி வரம் இருக்கு" என்று ஒரு தம்பி சொன்னார். ஐடி கம்பெனிப் பயிற்சி வகுப்பில் கேட்டுப் பழகிய சொல், அப்படியே ஜெபக்கூட்டத்துக்கும் வந்துவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பாட்டி, "அப்படீன்னா என்னப்பா?" என்று கேட்டார். தம்பி யோசித்துப் பார்த்துவிட்டு, "அனுதாபம் மாதிரி பாட்டி, ஆனா அனுதாபம் இல்ல" என்றார். அதற்கு மேல் அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் அன்று சொல்ல வரவில்லை. பாட்டிக்கு ஒழுங்கான பதில் ஒன்று தர வேண்டும் என்று தேடியதுதான் இது.

எம்பதி கேட்பதற்குப் பழைய சொல் போல இருக்கும், ஆனால் வயது நூற்றுச் சொச்சம்தான். 1873-இல் ராபர்ட் ஃபிஷர் என்ற ஜெர்மானியர், ஓவியத்தையோ கட்டடத்தையோ பார்க்கிறவர் தன் உணர்வோடு அதற்குள் புகுந்துகொள்வதை 'ஐன்ஃப்யூலுங்' என்றார். உள்ளே புகுந்து உணர்வது என்று பொருள். தியோடர் லிப்ஸ் என்ற இன்னொரு ஜெர்மானியர் அதை மனிதர்களுக்கும் விரித்தார், அடுத்தவர் உணர்வுக்குள் புகுந்து உணர்வது என்று. 1909-இல் எட்வர்ட் டிட்ச்னர் என்ற உளவியலாளர் அந்த ஜெர்மன் சொல்லுக்கு ஈடாகக் கிரேக்க வேர்களை வைத்து ஆங்கிலத்தில் எம்பதியை உருவாக்கினார். 'எம்' என்றால் உள்ளே, 'பாத்தோஸ்' என்றால் உணர்ச்சி, பாடு. ஆமாம், தவக்காலத்தில் கிறிஸ்துவின் பாடுகள் என்கிறோமே, அந்தப் பாடுதான். (இன்றைய கிரேக்கத்தில் இதே வடிவச் சொல்லுக்குக் காழ்ப்பு என்று அர்த்தம், அது தனிக் கதை.)

ஆகவே வேதாகமத்தில் எம்பதி என்று தேடினால் கிடைக்காது. அந்த இடத்தில் இருப்பவை வேறு கிரேக்கச் சொற்கள். ஒன்று 'சிம்பத்தேயோ', கூடப் பாடுபடுவது. எபிரெயர் 4:15-இல் நம் பழைய மொழிபெயர்ப்பு அதைப் 'பரிதபிக்க' என்று தருகிறது: நம் பலவீனங்களைக் குறித்துப் பரிதபிக்கக்கூடாத பிரதான ஆசாரியர் நமக்கில்லை. இன்னொன்றுதான் என்னை நிறுத்தி வைத்தது. சுவிசேஷங்களில் இயேசு 'மனதுருகி' என்று வரும் இடங்களில் கிரேக்கத்தில் இருக்கும் வினைச்சொல், 'ஸ்ப்ளாங்க்னா' என்பதிலிருந்து வருகிறது. ஸ்ப்ளாங்க்னா என்றால் குடல், ஈரல், உள்ளுறுப்புகள். நம் ஊரில் "கேட்டதும் ஈரக்குலையே பதறிப்போச்சு" என்பார்களே, கிட்டத்தட்ட அதேதான். மூளையால் புரிந்துகொண்டு தலையாட்டுகிற விஷயமில்லை இது, வயிற்றுக்குள் நடக்கிறது.

அந்த இடங்களை அடுத்தடுத்து வாசித்துப் பாருங்கள். திரளான ஜனங்களைக் கண்டபோது மனதுருகினார் (மத்தேயு 9:36). நாயீனூர் விதவையைப் பார்த்து மனதுருகினார் (லூக்கா 7:13). நல்ல சமாரியன் அடிபட்டவனைக் கண்டு மனதுருகினான், இளைய குமாரனின் தகப்பன் தூரத்திலேயே மகனைக் கண்டு மனதுருகி ஓடினான். நான்கிலும் முதலில் கண் பார்க்கிறது, அப்புறம்தான் உள்ளம் உருகுகிறது. சமாரியனுக்கு முன்னால் அந்த வழியே வந்த ஆசாரியனும் லேவியனும்கூட அடிபட்டவனைக் கண்டார்கள், ஆனால் விலகிப் போய்விட்டார்கள்.

இங்கே எனக்கு வள்ளுவர் நினைவுக்கு வந்தார். திருக்குறளில் 58-ஆம் அதிகாரத்தின் பெயர் 'கண்ணோட்டம்'. இன்று நாம் பார்வைக் கோணம் என்ற பொருளில் எழுதுகிறோம். அவருக்கு அது கண்ணில் ஊறும் இரக்கம். கண்ணுக்கு அணிகலம் கண்ணோட்டம், அது இல்லாவிட்டால் கண்ணைப் புண் என்றே நினைப்பார்கள் என்கிறார். எம்பதிக்கு இதைவிடச் சரியான பழந்தமிழ்ச் சொல் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. பொருள் மாறிப்போனதால் இன்று அப்படியே எடுத்துப் பிரசங்கத்தில் சொல்ல முடியாது, அதுதான் வருத்தம்.

சரி, அந்தத் தம்பி சொன்ன அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் தெருவில் ஒருவர் இறந்து நான்கைந்து நாள் இருக்கும், அவரைக்காய் சீசன். துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாரும் "தேவ சித்தம்" என்றார்கள், நானும் சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கிறது என்னும் ரோமர் 8:28-ஐ வாசித்துவிட்டு வந்தேன். மறுபடி போனபோது அந்த அக்கா தரையில் உட்கார்ந்து, ஊறவைத்த அவரைக்கொட்டையை இறந்தவரின் மனைவியான அந்தம்மாவோடு சேர்ந்து பிதுக்கிக்கொண்டிருந்தார். கட்டைவிரலால் ஒரு அழுத்து, பருப்பு கிண்ணத்தில் விழும், தோல் தட்டுக்குப் போகும். பேச்சே இல்லை. ரொம்ப நேரம் கழித்து அந்தம்மா, "அவருக்குப் பிதுக்குப் பருப்புக் குழம்புன்னா உயிரு" என்றார், அழுதார். அக்காவும் அழுதார், கையில் பிதுக்கிய பருப்பு அப்படியே இருந்தது. வீட்டுக்காரர் போன பிறகு அந்தம்மா அவரைப் பற்றி வாய் திறந்தது அன்றுதான் என்று அப்புறம் தெரிந்தது. எல்லாம் இழந்த யோபுவோடு ஏழு நாள் பேசாமல் தரையில் உட்கார்ந்திருந்த நண்பர்களை அப்போது நினைத்துக்கொண்டேன். அவர்கள் கெட்டுப்போனது வாய் திறந்த பிறகுதான்.

இது வரமா? ரோமர் 12, 1 கொரிந்தியர் 12, எபேசியர் 4 ஆகிய பட்டியல்களில் இந்தப் பெயரில் எதுவும் இல்லை. ரோமர் 12:8-இல் வரும் 'இரக்கஞ்செய்கிறவன்' பக்கத்தில் வருகிறது. சிலருக்கு இது மற்றவர்களைவிட ஆழமாகக் கொடுக்கப்பட்டிருக்கிறது என்பதை நான் கண்ணால் பார்த்ததால் வரம் என்று சொல்லத் தயங்க மாட்டேன். ஆனால் அதே அதிகாரத்தின் 15-ஆம் வசனம் 'அழுகிறவர்களுடனே அழுங்கள்' என்கிறது, அது வரம் பெற்றவர்களுக்கு மட்டும் எழுதப்பட்டதல்ல. "எனக்கு அந்த வரம் இல்ல பிரதர்" என்று ஒதுங்க யாருக்கும் வழியில்லை, எனக்கும் இல்லை.

தமிழ்ச் சொல்லுக்கு வருவோம். பச்சாதாபம் வேண்டாம், வடமொழியில் அதற்குச் செய்ததை நினைத்துப் பின்னால் வருந்துவது என்று பொருள். அனுதாபமும் அங்கே செய்ததை எண்ணி மனம் வருந்துவதுதான். தமிழில் பொருள் மாறிவிட்டாலும் இன்று அது கரையில் நின்று பார்ப்பவரின் சொல்லாகிவிட்டது. இரக்கம் நல்ல சொல், இரங்குதல் என்றால் அழுது புலம்புவதும்தான், நெய்தல் திணையின் உரிப்பொருளே இரங்கல். என்ன, இப்போது மேலிருந்து கீழே கொடுப்பது போலக் கேட்கிறது. கட்டுரைக்கும் பாடப்புத்தகத்துக்கும் 'ஒத்துணர்வு' போதும், பரவலாகப் புழங்குகிறது. சபையில், ஜெபத்தில், பிரசங்கத்தில் 'மனதுருக்கம்' என்றே சொல்லலாம். பாட்டி முதல் பேத்தி வரை எல்லாருக்கும் புரியும், புதிதாக ஒன்றும் செய்ய வேண்டியதில்லை.

அடுத்த வாரம் பாட்டியிடம் இதைச் சொன்னேன். மனதுருக்கம் என்றதும் தலையாட்டினார். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "இப்படி எல்லார் வீட்லயும் போய் அழுதுட்டு வர்றாளே, அவளை யாருப்பா போய்ப் பாக்குறது?" என்று கேட்டார்.